துப்பாக்கிக் காயங்களும் அறுவை மருத்துவர்களின் மனச்சுமையும்: ஒரு விளக்கம்

அமெரிக்காவில் பெரிய துப்பாக்கிச்சூடு நடந்த மறுநாள், மருத்துவமனை வாசலில் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் ஓர் அறுவை மருத்துவர் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். எத்தனை பேர் கொண்டுவரப்பட்டார்கள், எத்தனை பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது, எத்தனை பேர் கவலைக்கிடமாக இருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருபவர், ஏதோ ஒரு கேள்வியில் தொண்டை அடைத்துப் பேச்சை நிறுத்திவிடுகிறார். இரத்தத்தையும் சாவையும் எதிர்கொள்வதற்கென்றே பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற ஒருவர் ஏன் இப்படிக் கலங்க வேண்டும் என்ற கேள்வி நமக்கு எழுகிறது. இதே மருத்துவர்கள் துப்பாக்கிச் சட்டம், ஆய்வு நிதி, வன்முறைத் தடுப்பு என்று பொதுவெளியில் பேசும்போது, அது அவர்கள் வேலைக்கு உட்பட்டதா என்ற சர்ச்சையும் கூடவே எழுகிறது.

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். இந்த மருத்துவர்களை வாட்டுவது காயத்தின் கொடூரம் மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரியும். தடுத்திருக்கக்கூடிய ஒரு சாவை ஒரு தாயிடம் போய்ச் சொல்லிவிட்டு, அதே காரணத்தால் அதே தெருவிலிருந்து வரப்போகும் அடுத்தவருக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதே அவர்களை அதிகம் வதைக்கிறது.

ட்ராமா சர்ஜன் என்பவர் யார்?

விபத்து, கத்திக்குத்து, துப்பாக்கிச்சூடு, உயரத்திலிருந்து விழுதல் ஆகியவற்றால் உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவர்களுக்கு முதலில் சிகிச்சை தரும் அறுவை மருத்துவரை ட்ராமா சர்ஜன் என்கிறார்கள். பொது அறுவை மருத்துவத்தில் 5 ஆண்டுகள் பயிற்சி பெற்று, அதன்மேல் படுகாய சிகிச்சையிலும் தீவிர சிகிச்சையிலும் தனிப்பயிற்சி பெற்றவர்கள் இவர்கள். இதய அறுவை மருத்துவரோ புற்றுநோய் அறுவை மருத்துவரோ தன் நோயாளியை முன்கூட்டியே சந்தித்துப் பேசியிருப்பார். ட்ராமா சர்ஜனுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. நோயாளியின் பெயர்கூடத் தெரியாத நிலையில்தான் முதல் வெட்டு போடப்படுகிறது.

அமெரிக்காவில் இத்தகைய சிகிச்சைக்கெனத் தரம் பிரிக்கப்பட்ட மையங்கள் உண்டு. முதல் நிலை மையம் என்றால் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், இரத்த வங்கி, அறுவை அரங்கு ஆகிய அனைத்தும் 24 மணி நேரமும் தயாராக இருக்க வேண்டும். சிகாகோவின் குக் கவுன்டி மருத்துவமனையில் 1966-ல் தொடங்கிய பிரிவு இவ்வகையில் முன்னோடி. பால்டிமோர் நகரின் ஷாக் ட்ராமா மையமும் மயாமி நகரின் ரைடர் ட்ராமா மையமும் அதே அளவு புகழ் பெற்றவை. போர்க்களத்துக்கு அனுப்பப்படும் மருத்துவக் குழுக்களுக்கு அமெரிக்க விமானப்படை பால்டிமோரிலும், தரைப்படை மயாமியிலும், கடற்படை லாஸ் ஏஞ்சலஸிலும் பயிற்சி அளித்து வந்திருக்கின்றன. அமைதிக் காலத்தில் போர்க்காயத்துக்கு நிகரான காயங்களைப் பார்க்க உள்நாட்டு நகரங்களே போதுமானவையாக இருக்கின்றன என்பதை இந்த ஏற்பாடு சொல்லிவிடுகிறது.

தோட்டா உடலுக்குள் என்ன செய்கிறது?

திரைப்படங்களில் மருத்துவர் இடுக்கியால் தோட்டாவை வெளியே எடுத்துத் தட்டில் போட்டதும் நோயாளி பிழைத்துவிடுவார். உண்மையில் பல நோயாளிகளின் உடலிலேயே தோட்டா விடப்படுகிறது, ஏனென்றால் அதைத் தேடி எடுப்பதால் வரும் கேடு, அது உள்ளே கிடப்பதால் வரும் கேட்டைவிடப் பெரும்பாலும் அதிகம். மருத்துவர் துரத்துவது தோட்டாவை அல்ல, அது கடந்து சென்ற பாதையில் உடைந்த இரத்தக்குழாய்களையும் கிழிந்த உறுப்புகளையும்தான்.

பாயும் தோட்டா தன் வழியில் உள்ள தசையை நசுக்கி ஒரு நிரந்தரத் துளையை உண்டாக்குகிறது. அதோடு, குளத்தில் கல் விழும்போது நீர் விலகித் திரும்புவதைப்போல, சுற்றியுள்ள தசையும் ஒரு கணம் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டுத் திரும்புகிறது. நுரையீரல்போல நெகிழ்வான உறுப்பு இந்தத் தள்ளலை ஓரளவு தாங்கிக்கொள்ளும், கல்லீரல்போல இறுக்கமான உறுப்போ பிளந்துவிடும். தோட்டாவின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், வேகம்தான் இங்கே முக்கியமான எண். சாதாரண 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் தோட்டா நொடிக்கு 350 முதல் 400 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஏஆர்-15 எனப்படும் ரைபிள் வகைத் துப்பாக்கியின் தோட்டா எடையில் அதில் பாதி அளவே இருந்தாலும், நொடிக்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தால் சுமார் 3 மடங்கு ஆற்றலோடு பாய்கிறது.

2022 மே 24 அன்று டெக்சஸ் மாநிலத்தின் உவால்டே நகரத் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இவ்வகைத் துப்பாக்கியால் கொல்லப்பட்டார்கள். அவ்வூர்க் குழந்தைகள் மருத்துவர் ராய் கெரேரோ, இரண்டு வாரங்களுக்குப் பின் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, தான் மருத்துவமனையில் கண்ட இரண்டு குழந்தைகளின் உடல்களை அவர்கள் அணிந்திருந்த கார்ட்டூன் படம் போட்ட உடைகளைக் கொண்டே அடையாளம் காண வேண்டியிருந்தது என்று சொன்னார். ஆற்றல் 3 மடங்கு என்ற இயற்பியல் கணக்கு ஒரு குழந்தையின் உடலில் என்ன பொருள்படும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

சிகிச்சை நடக்கும் விதம்

அதிக இரத்தம் இழந்தவரின் உடல் குளிர்கிறது, இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது, உறையும் திறனை இழக்கிறது. இந்த மூன்றும் ஒன்றையொன்று தூண்டி வளர்ப்பவை. இந்த நிலையில் மணிக்கணக்கில் முழு அறுவை சிகிச்சை செய்தால் நோயாளி மேசையிலேயே இறந்துவிடுவார். எனவே இரத்தக்கசிவையும் குடலின் கசிவையும் மட்டும் நிறுத்திவிட்டு, வயிற்றைத் துணிப்பஞ்சுகளால் அடைத்து, மூடாமலேயே ஐசியூவுக்கு அனுப்பி, உடல் சற்றுத் தேறியதும் மீண்டும் அரங்குக்குக் கொண்டுவரும் முறை வழக்கத்துக்கு வந்தது. சேதக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை என்ற பெயரில் 1993-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் விவரித்த இந்த முறை எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. மருத்துவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதற்கு இன்னொரு விளைவும் உண்டு. முடிவு தெரியாத ஒரு நோயாளியை அவர் நாட்கணக்கில் மனத்தில் சுமக்கிறார், குடும்பத்தாரோடு நெருங்குகிறார். ஐந்தாம் நாள் வரும் சாவு, ஐந்தாம் நிமிடத்தில் வரும் சாவைவிடக் கனமாக இருக்கிறது.

இதயத்துடிப்பு நின்றுகொண்டிருக்கும் நிலையில் வருபவருக்குச் செய்யப்படும் கடைசி முயற்சி வேறு வகையானது. இடப்பக்க நான்காம் அல்லது ஐந்தாம் விலா இடைவெளியில், நெஞ்சு எலும்பிலிருந்து படுக்கை வரைக்கும் ஒரே வெட்டு. விலா விரிப்பானைச் சுழற்றி நெஞ்சைத் திறந்து, இதய உறையைக் கிழித்து, உள்ளே தேங்கிய இரத்தக்கட்டியை வழித்து எடுத்து, துளையை விரலால் அடைக்கிறார்கள். பெருந்தமனியை இறுக்கியால் பிடித்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே இதயத்தை வைத்து அழுத்தி அழுத்தித் துடிக்க வைக்கிறார்கள். இவ்வளவும் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். 2000-ல் வெளியான, 25 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீட்டின்படி, இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கத்திக்குத்துக்கு ஆளானவர்களில் நூற்றுக்குச் சுமார் 17 பேரும், துப்பாக்கிச்சூட்டுக்கு ஆளானவர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேரும் பிழைத்தார்கள். அதாவது, ஒரு மனிதரின் இதயத்தைக் கையில் பிடித்துப் பார்த்த அனுபவத்தில் பெரும்பாலானவை தோல்வியில் முடியும் என்று தெரிந்தேதான் மருத்துவர் கத்தியை எடுக்கிறார்.

எண்ணிக்கை சொல்வதும் மறைப்பதும்

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், 20,958 பேர் கொலையுண்டவர்கள். பின்வந்த ஆண்டுகளில் எண்ணிக்கை சற்றுக் குறைந்திருக்கிறது. 2020-ல் அந்நாட்டின் குழந்தைகளும் பதின்வயதினரும் இறப்பதற்கான முதல் காரணமாகத் துப்பாக்கி ஆனது. அதுவரை அந்த இடத்தில் சாலை விபத்துகள் இருந்தன.

இந்த எண்ணிக்கையை அறுவை அரங்கிலிருந்து பார்த்தால் படம் மாறுகிறது. துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருவதற்குள் இறந்துவிடுகிறார்கள். தாக்குதலில் சுடப்படுபவர்களில் பெரும்பாலோர் உயிரோடு வந்து சேர்கிறார்கள். ஆகவே ட்ராமா சர்ஜன் இரவுதோறும் சந்திப்பது பெரும்பாலும் தெருவில் சுடப்பட்ட இளைஞர்களை, அவர்களிலும் அளவுக்கு மீறிய விகிதத்தில் கறுப்பின இளைஞர்களை. உலகச் செய்தியாகும் கூட்டுக் கொலைகள் மொத்தச் சாவுகளில் மிகச் சிறு பங்கே. 2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகஸ் நகரின் சன்ரைஸ் மருத்துவமனைக்கு 200-க்கும் மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டதை நாம் அறிவோம். பிலடெல்பியாவில் சனிக்கிழமை இரவு வரும் மூன்று பேரைப் பற்றி எந்த ஊரிலும் செய்தி வராது. அந்த நகரத்தில் சுடப்பட்டவர்களை ஆம்புலன்சுக்குக் காத்திராமல் காவல்துறை வண்டியின் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறப்பது பல ஆண்டுகளாக வழக்கமான நடைமுறையாகவே இருக்கிறது. மருத்துவர்களைக் கரைப்பது இந்தச் செய்தியாகாத சனிக்கிழமைகள்தான்.

நான்கு பெயர்கள், நான்கு வேறு பாதிப்புகள்

மருத்துவரின் மனநிலையைப் பேசும்போது எல்லாவற்றையும் மன அழுத்தம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பாதிப்பு எது என்பதைப் பொறுத்தே மருந்தும் மாறும் என்பதால், பிரித்துப் பார்ப்பது அவசியம்.

1. பணிச்சோர்வு. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதன் மூன்று கூறுகளைக் காட்டினார்: உணர்ச்சி வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை ஒரு பொருளாகப் பார்க்கத் தொடங்குதல், தன் வேலையால் பயனில்லை என்று தோன்றுதல். காரணம் வேலைப்பளு. ஓய்வும் ஆள்பலமும் கூடினால் குறையும்.

2. இரண்டாம்நிலை அதிர்ச்சி. துன்பப்பட்டவரோடு தொடர்ந்து இருப்பதாலேயே அவருடைய துன்பத்தின் அறிகுறிகள் தனக்கும் வந்துவிடுவது. தன் மகன் வெளியே போனால் திரும்பி வரும்வரை தூங்காத மருத்துவர் இந்த வகைக்கு உதாரணம்.

3. பிடிஎஸ்டி எனப்படும், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. கண்ட காட்சி அழையாமலே திரும்பி வருதல், அதை நினைவூட்டும் எதையும் தவிர்த்தல், எந்நேரமும் விழிப்பு நிலையில் இருத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு, தொழில் காரணமாகக் கொடிய விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் இந்த நோய்க்குக் காரணமாகலாம் என்று ஏற்றுக்கொண்டது.

4. தார்மீகக் காயம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த உளமருத்துவர் ஜோனத்தன் ஷே முன்வைத்த கருத்து இது. சரியென்று தான் நம்புவது தன் கண் முன்னால் மீறப்படும்போது, அதைத் தடுக்க இயலாதவராக நிற்பதால் வரும் காயம். 2018-ல் வெண்டி டீன், சைமன் டால்பட் என்ற இரு மருத்துவர்கள், தங்கள் துறையினர் பணிச்சோர்வு என்று அழைத்துக்கொள்வதில் பெரும்பகுதி இதுவே என்று வாதிட்டார்கள்.

2014-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க ட்ராமா சர்ஜன்கள் 453 பேரிடம் கேள்வித்தாள் வழியாக விவரம் திரட்டியது. 40 விழுக்காட்டினரிடம் பிடிஎஸ்டி அறிகுறிகள் இருந்தன, 15 விழுக்காட்டினர் நோய் என்று கண்டறியப்படும் அளவை எட்டியிருந்தனர். தாமே முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு இது என்பதால், அப்படியே எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆயினும் மாதத்தில் 7-க்கு மேற்பட்ட இரவுப் பொறுப்புகளும், நாளில் 4 மணி நேரத்துக்கும் குறைவான ஓய்வும் உள்ளவர்களிடமே அறிகுறிகள் அதிகம் என்ற கண்டறிதல் கவனத்துக்குரியது. அந்தப் பகுதியைப் பணி அட்டவணையை மாற்றியே சரிசெய்ய முடியும்.

நான்காவது வகையை அப்படிச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் அது எங்கே உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குடும்பத்தார் காத்திருக்கும் அறை

ட்ராமா மையங்களில் அவசரப் பிரிவுக்கு அருகே கதவு மூடிய ஒரு சிறிய அறை இருக்கும். சில நாற்காலிகள், ஒரு பெட்டி டிஷ்யூ தாள். சிகிச்சை தோற்றதும் அறுவை மருத்துவர் அங்கேதான் போக வேண்டும். போவதற்கு முன் இரத்தம் படிந்த மேலங்கியையும் காலணி உறைகளையும் மாற்றச் சொல்லிப் பயிற்சியில் கற்பிக்கிறார்கள். சரியான குடும்பம்தானா என்று நோயாளியின் பெயரைச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டு பேசக் கூடாது, உட்கார வேண்டும். கெட்ட செய்தி வருகிறது என்பதை ஒரு வாக்கியத்தில் உணர்த்திவிட்டு, இறந்துவிட்டார் என்பதை அந்தச் சொல்லாலேயே சொல்ல வேண்டும். காப்பாற்ற முடியவில்லை, நம்மோடு இல்லை என்றெல்லாம் மென்மையாக்கினால், கேட்பவரின் மனம் அதில் ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பேசாமல் இருக்க வேண்டும். அலறலோ மயக்கமோ கோபமோ, எது வந்தாலும் அங்கேயே இருக்க வேண்டும்.

துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர் விஷயத்தில் இன்னொரு கொடுமையும் சேர்கிறது. அது கொலை என்பதால் உடல் ஒரு தடயம். மூச்சுக்குழாயில் செருகிய குழாயை எடுக்கக் கூடாது, கைகளில் வெடிமருந்துத் துகள் இருக்கலாம் என்பதால் காகிதப் பை கட்டி வைத்திருப்பார்கள், கத்தரித்து எடுத்த உடைகள் ஏற்கெனவே காவல்துறையின் பையில் இருக்கும். மகனைத் தொட வேண்டும் என்று கேட்கும் தாயிடம், முடியாது என்றோ, காவலர் முன்னிலையில் கொஞ்ச நேரம் மட்டும் என்றோ மருத்துவமனை ஊழியர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. நோயால் இறந்தவரின் குடும்பத்துக்குத் தரப்படும் இறுதி நேர அமைதி இவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்த மறுப்பின் முகமாக நிற்பவர், சற்று முன்புவரை அந்த உயிருக்காகப் போராடியவர்.

அடுத்த அரை மணி நேரத்தில் இன்னொருவர் கொண்டுவரப்படலாம். மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு மீண்டும் அரங்குக்குள் போகிறார். துக்கம் என்று ஒன்று நிகழ வேண்டுமானால் அதற்குத் தேவையான நேரம் இந்த வேலையின் அமைப்பிலேயே கிடையாது.

டாலஸும் சான் அன்டோனியோவும்: இரண்டு உதாரணங்கள்

2016 ஜூலை 7 இரவு டாலஸ் நகரில், கறுப்பினத்தவரைக் காவல்துறை கொன்றதைக் கண்டித்து நடந்த பேரணியின்போது, ஒருவன் காவலர்களைக் குறிவைத்துச் சுட்டான். 5 காவலர்கள் இறந்தார்கள். பார்க்லேண்ட் மெமோரியல் மருத்துவமனையில் அன்று பொறுப்பில் இருந்த ட்ராமா சர்ஜன் பிரையன் வில்லியம்ஸ் கறுப்பினத்தவர். நான்கு நாள் கழித்துச் செய்தியாளர்களைச் சந்தித்தபோது, அந்தக் காவலர்களைக் காப்பாற்ற முடியாததைத் தினமும் நினைத்துக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். காவலர்களை ஆதரிக்கும் தானே, ஒரு கறுப்பின ஆணாக அவர்களுக்கு அஞ்சவும் செய்வதாகவும் சொன்னார். யாருக்காக அழ வேண்டும், யார்மீது கோபப்பட வேண்டும் என்று பிரித்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்த ஒரு மனிதரை நாடே பார்த்தது. தார்மீகக் காயம் என்ற கருத்தை விளக்க இதைவிடத் தெளிவான நேர்வு எனக்குத் தெரியவில்லை.

உவால்டே நிகழ்வில் இன்னொரு வகை வேதனை வெளிப்பட்டது. அன்று காயமடைந்தவர்களில் நால்வர் சான் அன்டோனியோ நகரின் யுனிவர்சிட்டி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இரத்தமும் அரங்குகளும் மருத்துவர்களும் இன்னும் பலருக்காகத் தயாராக இருந்தும், அதற்குமேல் குழந்தைகள் வரவில்லை. தங்களை அதிகம் தாக்கியது வந்து சேராத நோயாளிகள்தான் என்று அங்கு குழந்தைகள் ட்ராமா பிரிவை நடத்தும் மருத்துவர் லிலியன் லியாவோ பேட்டிகளில் சொன்னார். ஆள் வராவிட்டால் அறுவைத் திறமைக்கு வேலையே இல்லை. எவ்வளவு முன்னேறிய மருத்துவமும் சம்பவ இடத்திலேயே முடிந்துவிட்ட உயிருக்கு எதுவும் செய்ய இயலாது என்ற எல்லையை அன்று அந்த மருத்துவர்கள் நேரில் கண்டார்கள்.

ஏன் வெளியே சொல்வதில்லை?

அறுவை மருத்துவப் பயிற்சி, தாங்கிக்கொள்வதையே தகுதியாகக் கற்பிக்கிறது. பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு வாரம் 80 மணி என்ற வரம்பே 2003-ல்தான் நாடு முழுவதும் வந்தது. அரங்கில் கை நடுங்காதவர் என்று பெயர் எடுத்த ஒருவர், இரவில் தூக்கம் வரவில்லை என்று சக மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதற்கு இந்தச் சூழலே போதும்.

சட்டரீதியான ஓர் அச்சமும் இருந்தது, பல இடங்களில் இன்னும் இருக்கிறது. மருத்துவ உரிமத்தைப் பெறவும் புதுப்பிக்கவும் நிரப்பும் படிவங்களில், எப்போதாவது மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்று பல மாநிலங்கள் கேட்டுவந்தன. ஆம் என்று எழுதினால் விசாரணை வரக்கூடும். ஆகவே சிகிச்சையே எடுக்காமல் இருப்பது பாதுகாப்பு என்று பலர் முடிவெடுத்தார்கள். தற்போது பணியைப் பாதிக்கும் நிலை இருந்தால் மட்டும் கேட்டால் போதும் என்று மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு 2018-ல் பரிந்துரைத்த பிறகு, படிவங்கள் ஒவ்வொன்றாக மாறிவருகின்றன. கொரோனாக் காலத்தில் தற்கொலை செய்துகொண்ட நியூயார்க் அவசர சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் பெயரால் 2022 மார்ச்சில் கையெழுத்தான சட்டம், மருத்துவ ஊழியர்களின் மனநலத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கியது.

“உங்கள் எல்லைக்குள் இருங்கள்”

2018 அக்டோபர் இறுதியில், துப்பாக்கிக் காயங்களைக் குறைப்பது பற்றி, மருத்துவர்களின் தொழில் அமைப்பான அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி ஒரு நிலைப்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. துப்பாக்கி உரிமையாளர்களின் பெரிய அமைப்பான தேசிய ரைபிள் சங்கம், மருத்துவர்கள் தங்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற பொருளில் நவம்பர் 7 அன்று ட்விட்டரில் பதிலளித்தது. அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான மருத்துவர்கள், இதுதான் எங்கள் எல்லை என்ற வாசகத்தோடு, இரத்தம் படிந்த தரைகளையும் காலணிகளையும் படமெடுத்து வெளியிட்டார்கள். அந்த இயக்கத்தின் முன்னணியில் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ட்ராமா சர்ஜன் ஜோசப் சாக்ரன், 1994-ல், தன் 17-ஆம் வயதில், பள்ளிக் கால்பந்துப் போட்டிக்குப் பிறகு எங்கிருந்தோ வந்த தோட்டா தொண்டையில் பாய்ந்து, அறுவை மருத்துவர்களால் காப்பாற்றப்பட்டவர். சர்ச்சை ஓயும் முன்பே, அதே மாதம் 19-ஆம் தேதி, சிகாகோவின் மெர்சி மருத்துவமனையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவரும், மருந்தியல் பயிற்சியில் இருந்த இளம்பெண்ணும், ஒரு காவலரும் கொல்லப்பட்டார்கள்.

மருத்துவர்களின் கோபத்துக்கு ஒரு நீண்ட பின்னணியும் உண்டு. 1996-ல் நிறைவேறிய டிக்கி திருத்தம் என்ற சட்டப்பிரிவு, நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் நிதி துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் பயன்படக் கூடாது என்றது. ஆய்வை அது நேரடியாகத் தடை செய்யவில்லை என்றாலும், அச்சத்தால் ஆய்வு ஏறக்குறைய நின்றுபோனது. 2019 இறுதியில்தான் கூட்டரசு மீண்டும் இதற்கென 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. சாலை விபத்துக்கு இருக்கை வார் எப்படி வந்தது, காற்றுப்பை எப்படி வந்தது என்று ஆய்வின் வழியாகவே சாவைக் குறைத்த ஒரு துறையினருக்கு, இந்த ஒரு காரணத்தை மட்டும் 20 ஆண்டுகளுக்கு மேல் படிக்காமலே விட்டது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பேச வேண்டாம் என்று அவர்களிடம் சொல்வது, தார்மீகக் காயத்தை மேலும் ஆழப்படுத்துவதாகும்.

எது உதவுகிறது?

சில முயற்சிகள் எளியவை, செலவில்லாதவை. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் செவிலியர் ஜோனத்தன் பார்ட்டல்ஸ், நோயாளி இறந்ததும் சுற்றி நிற்பவர்கள் அனைவரும் ஒரு நிமிடம் அசையாமல் நின்று, இறந்தவர் யாருக்கோ மகன், யாருக்கோ தந்தை என்பதை நினைத்து மௌனம் காக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. கடினமான நிகழ்வுக்குப் பின் குழுவாக உட்கார்ந்து பேசுதல், அதே அனுபவம் உள்ள சக மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசும் ஏற்பாடு, மோசமான இரவுக்கு அடுத்த நாள் பொறுப்பிலிருந்து விடுவித்தல் ஆகியவையும் உண்டு. முதல் மூன்று வகைப் பாதிப்புகளுக்கு இவை ஓரளவு மருந்தாகும். யோகா வகுப்பும் மனநலச் செயலியும் வழங்கிவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதும் நிர்வாகங்கள், நான்காவதைத் தொடவே இல்லை.

அதைத் தொடும் முயற்சி வேறு இடத்தில் நடக்கிறது. பால்டிமோர் ஷாக் ட்ராமா மையத்தின் அறுவை மருத்துவர் கார்னெல் கூப்பர், தான் தைத்து அனுப்பிய இளைஞர்களே மறுபடியும் சுடப்பட்டு வருவதைக் கண்டு 1998-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஓக்லண்ட் நகரில் 1994-லேயே தொடங்கிய ஒரு முயற்சியும் இதே வழியில் செல்வது. நோயாளி இன்னும் படுக்கையில் இருக்கும்போதே ஒரு சமூகப் பணியாளர் வந்து சந்திப்பார். பல இடங்களில் அவரும் ஒரு காலத்தில் சுடப்பட்டவராகவே இருப்பார். பழிக்குப் பழி என்ற எண்ணத்தைத் தணிப்பது, வேலைக்கும் படிப்புக்கும் வழி செய்வது, தேவைப்பட்டால் வேறு பகுதியில் வீடு பார்ப்பது என்று வீட்டுக்குப் போன பின்பும் மாதக்கணக்கில் தொடர்பில் இருப்பார்கள். 2006-ல் வெளியான, குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கொண்ட பால்டிமோர் ஆய்வில், இந்த உதவியைப் பெற்றவர்கள் மீண்டும் வன்முறைக் காயத்தோடு வருவது வெகுவாகக் குறைந்திருந்தது.

இதனால் மருத்துவருக்கும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. தையல் பிரித்து அனுப்பும் நாளில், அதே தெருவுக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்ற உணர்வுக்குப் பதிலாக, இந்த இளைஞனை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம் என்று அவரால் நினைக்க முடிகிறது. 2022 ஜூனில் நிறைவேறிய துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய சமூகத் தலையீட்டுத் திட்டங்களுக்கு ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் கூட்டரசின் நீதித்துறை, வன்முறைத் தடுப்புக்கான பல மானியங்களைப் பாதியில் ரத்து செய்தது. அந்த நிதியை நம்பியிருந்த அமைப்புகள் சிலவற்றுக்குப் பணியாளர்களை நீக்க நேர்ந்தது.